எழுத்தெண்ணிய பேரறிஞர்

ஒரு நூலைப் பழுதறக் கற்றவரை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று பாராட்டுவது தமிழ் வழக்கு. எழுத்தை உண்மையாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆழ்ந்து கற்றார் என்பதே அத்தொடரின் கருத்து. ஆனால், தம் நாட்டுப் பெருங்கவிஞர் ஒருவரின் காவியத்தை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, அதன் முதல் எழுத்திலிருந்து தொடங்கி 20,000 எழுத்துக்களை ஒவ்வொன்றாக எண்ணிய அறிஞர் ஒருவர் இருந்தார். கவிதையின் சுவையை அறிவதற்காக அவர் எண்ணவில்லை. மனிதர் வழங்கும் மொழியில் ஓர் ஒலியை அடுத்து மற்றோர் ஒலி வருவதற்குக் கணக்கு ஏதேனும் உண்டா என்று காண்பதற்காகவே எண்ணினார். அவர்தாம் ருஷ்ய நாட்டுக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ். பேச்சைக் கேட்டு அதனை எழுத்தில் வடிக்கும் பொறிகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. அப்பொறிகளின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்வோமாயின், மார்க்கோவ் தம் கைப்பட எழுதிய எண்ணிக்கைத் தாள்களைச் சென்று சேர்வோம்.

மாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் என்னும் ஊரில் 1856ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மார்க்கோவ் பிறந்தார். தந்தையார் காட்டு இலாகாவில் அலுவல் பார்த்தவர். பின்னர் அவர் செல்வச் சீமாட்டி ஒருவரின் பண்ணையை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, குடும்பத்தோடு தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். மார்க்கோவின் இளமை துன்பம் நிறைந்தது. முழங்கால் மூட்டில் காசநோய் பற்றியதால், பத்து வயது வரையில் அவர் ஊன்றுகோல் இன்றி நடக்க இயலாதவராய் இருந்தார். ஒத்த வயதுச் சிறுவர் ஓடியாடும்போது அவர் ஒதுங்கி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பத்தாம் வயதில் நிகழ்ந்த அறுவைச் சிகிச்சையால் கால் நேராயிற்று, ஊன்றுகோல் அகன்றது. எனினும் நடையில் சிறு தாங்கல் மட்டும் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார் என்று கூறுவதற்கில்லை. கணிதம் ஒன்றைத் தவிரப் பிற பாடங்களில் அவர் மனம் ஈடுபடவில்லை. கணிதத்திலோ, வகுப்பில் கற்பிப்பதற்கு அப்பாலும் சென்று தாமே நூல்களைத் தேடிப் படித்தார். அக்காலத்தில் ஒரு நாள், வகைக்கெழுச் சமன்பாடுகள் சிலவற்றைத் தீர்ப்பதற்குப் புதிய வழி ஒன்றைக் கண்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. உடனே அதனைக் கட்டுரையாக எழுதி நாட்டின் தலைசிறந்த கணிதப் புலவர்களுக்கு அனுப்பினார். கோர்க்கின், சொலொத்தாரெவ் என்னும் இருவர் அதனைப் பொறுமையோடு படித்து, அவ்வழி முன்னரே அறியப்பட்டதுதான் என்று மறுமொழி விடுத்தனர். பள்ளிச் சிறுவன் எழுதியதுதானே என்று அவர்கள் அதனை ஒதுக்கிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1874ஆம் ஆண்டில் மார்க்கோவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவ்விருவரும் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர்.

அப்பல்கலைக்கழகத்தில் அந்நாளில் கதிரவனென விளங்கியவர் செபிஷேவ் என்னும் பெரும் பேராசிரியர். அவரிடம் கற்ற மார்க்கோவ் 1878இல் பொற்பதக்கம் பெற்றுத் தேறினார். 1880இல் முதுகலைப் பட்டமும் 1884இல் டாக்டர் பட்டமும் பெற்றார். இவற்றின் நடுவே 1883இல் அவர் திருமணமும் நிறைவேறியது. மணமகள் மரியா வல்வாத்தியேவா, தந்தையார் மேற்பார்த்த பண்ணைக்கு உரிய சீமாட்டியின் மகள். மார்க்கோவ் அவருக்குக் கணிதம் கற்பித்தவர். பண்ணை அலுவலரின் மகனுக்குப் பெண் கொடுக்க முதலில் தயங்கிய தாயார், அவர் கல்வியால் உயர்ந்த நிலையை எய்திய பின்னரே இசைந்தார். 1886இல் செபிஷேவின் பரிந்துரையால் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது. பத்தாண்டுகளில் அக்கழகத்தின் முழு உறுப்பினரும் ஆனார்.

செபிஷேவ் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகிய பின்னர், அவர் நடத்தி வந்த நிகழ்தகவுப் பாடத்தை மார்க்கோவ் ஏற்று நடத்தினார். நடக்கக்கூடிய பல நிகழ்ச்சிகளுள் எது நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாதபோது, ஒவ்வொன்றும் நடப்பதற்குரிய வாய்ப்பு எவ்வளவு என்று அளந்து கூறும் கணிதமே நிகழ்தகவு ஆகும். இக்கலைக்கு அடித்தளமாக விளங்குவது பேரெண் விதி. 1713ஆம் ஆண்டில் வெளிவந்த யாக்கோபு பெர்னூலியின் நூலில் இவ்விதி முதன்முதலில் நிறுவப்பட்டது. நாணயம் ஒன்றைப் பத்து முறை சுண்டினால் தலை ஏழு முறை விழலாம். மூன்று முறையும் விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினாலோ, தலை விழும் பங்கு பாதியை நெருங்கி நிற்கும். தனித்தனியே நோக்குங்கால் ஒழுங்கின்றித் தோன்றுவன, பெருந்தொகையாகச் சேருங்கால் ஒழுங்குக்குள் அடங்குகின்றன. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். நாணயத்தின் ஒவ்வொரு சுண்டலும் முந்திய சுண்டலைச் சாராதது. நாணயத்திற்கு நினைவு இல்லை. முன்னர் எப்பக்கம் விழுந்தோம் என்பதை அது அறியாது.

இந்த இடத்தில்தான் ஒரு பூசல் மூண்டது. மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் பாவெல் நெக்ராசோவ். கணிதத்திற்கு வருமுன் சமயக் கல்லூரியில் பயின்றவர் அவர். ஆண்டுதோறும் நிகழும் திருமணங்கள், குற்றங்கள் போன்ற மனிதச் செயல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாமல் இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புள்ளியியல் அறிஞர்கள் கண்டிருந்தனர். அங்ஙனமாயின் மனிதன் தன் விருப்பப்படி நடக்கிறானா, அல்லது ஏதோ ஒரு விதியின் கைப்பாவையாக ஆடுகிறானா என்னும் ஐயம் பலரை வாட்டியது. நெக்ராசோவ் 1902ஆம் ஆண்டில் இதற்கொரு விடை கண்டதாக எழுதினார். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கே பேரெண் விதி பொருந்தும். மனிதச் செயல்களில் அவ்விதி காணப்படுகிறது. ஆதலால் அச்செயல்கள் ஒன்றையொன்று சாராதவை. மனிதன் உரிமையுள்ள மனம் உடையவன் என்பதற்கு இதுவே சான்று என்பது அவர் வாதம்.

மார்க்கோவ் இதனைப் படித்துக் கொதித்தார். மனிதனுக்கு உரிமை மனம் உண்டா இல்லையா என்னும் கேள்வி அன்று அவரைச் சினங்கொள்ளச் செய்தது. கணிதத்தில் நிறுவப்படாத ஒன்றை நிறுவப்பட்டதாகக் கொண்டு அதன்மேல் மாளிகை எழுப்பியதோ அவரைப் பன்மடங்கு சினங்கொள்ளச் செய்தது. சாராத நிகழ்ச்சிகளுக்குப் பேரெண் விதி பொருந்தும் என்பது உண்மை. ஆனால் சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தாது என்று யார் காட்டினார்? பொறுத்துப் போகும் இயல்பு மார்க்கோவிடம் இல்லை. பிழை என்று கண்டால் அதனைச் செய்தவர் நண்பரா பகைவரா, பெரியவரா சிறியவரா என்று நோக்காமல் கடுமையாகவே எழுதுவார். உடனிருந்தோர் அவரைச் சீற்றமிகு ஆந்திரேய் என்று அழைத்ததில் வியப்பில்லை. எழுத்தில் இத்துணைக் கடுமை வேண்டுமா என்று அப்பூசலைப் படிக்கும் எவருக்கும் இன்று தோன்றும். ஆயினும் அவர் வசையோடு நின்றாரல்லர். விடையைத் தேடி உழைத்தார்.

1906ஆம் ஆண்டில் அவ்விடை வெளிவந்தது. ஒரு நிகழ்ச்சி, தனக்கு முன் நிகழ்ந்ததைச் சார்ந்து நிற்கும் ஒரு தொடரை மார்க்கோவ் கற்பனை செய்தார். அது, தன்னை அடுத்து வருவதன் வாய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தன் அருகிலுள்ள கண்ணியையே பற்றி நிற்பது போன்றது இது. இவ்வாறு பிணைந்த நிகழ்ச்சிகளிலும், குறித்த சில நிபந்தனைகள் அமையுமாயின் பேரெண் விதி வழுவாது நிற்கும் என்று அவர் ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். நெக்ராசோவின் மாளிகை அடித்தளம் இன்றிச் சாய்ந்தது. பிற்காலத்தார் இத்தொடருக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயரிட்டனர்.

தாளில் நிறுவியது போதும் என்று மற்றொருவர் அமைதி அடைந்திருப்பார். ஆனால், இத்தகைய சங்கிலி உலகில் எங்கேனும் உண்மையாகவே உண்டா என்று எவரேனும் கேட்டால் காட்டுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் அன்றோ? அதனைத் தேடிய மார்க்கோவ் மனிதரின் மொழியைத் தேர்ந்தெடுத்தார். மொழியில் ஒலிகள் நாணயச் சுண்டல் போல் வருவன அல்ல. மெய்யொலியை அடுத்து உயிரொலி வருவதற்கு நாவும் உதடும் விரும்புகின்றன. உயிரை அடுத்து உயிரை ஒலிப்பது அவற்றிற்கு அரிது. தமிழ் இலக்கணத்தார் ஈருயிர்கள் சந்திக்குமிடத்தில் உடம்படுமெய்யை இடையே நிறுத்தியதும் இவ்வருமை நோக்கியே. ருஷ்ய மொழியில் ஈருயிர்கள் அடுத்தடுத்து நிற்றல் உண்டு; ஆனால் அடிக்கடி இல்லை. எவ்வளவுக்கு இல்லை? இதனை எண்ணித்தான் காண வேண்டும்.

மார்க்கோவ் எடுத்துக்கொண்ட நூல் புஷ்கின் இயற்றிய யெவ்கேனி ஒனேகின். செய்யுளால் ஆகிய இப்புதினத்தை அறியாத ருஷ்யர் இல்லை எனலாம். அதன் முதல் அத்தியாயம் முழுவதையும் இரண்டாம் அத்தியாயத்தில் 16 பாக்களையும் அவர் எழுத்தெழுத்தாகப் பிரித்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவேயுள்ள இடைவெளியையும் நிறுத்தக் குறிகளையும் நீக்கினார். ருஷ்ய நெடுங்கணக்கில் தமக்கென ஒலி இல்லாமல் அருகிலுள்ள எழுத்தின் ஒலிப்பை மட்டும் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் உள்ளன, அவற்றையும் விலக்கினார். எஞ்சியவற்றை நூறு நூறு எழுத்துக்களாகப் பகுத்து, ஒவ்வொரு நூற்றையும் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசையில் சதுரமாக எழுதினார். இவ்வாறு 200 சதுரங்கள் அமைந்தன. அவை ஒவ்வொன்றிலும் உயிர் எத்தனை, மெய் எத்தனை, உயிரை அடுத்து உயிர் வரும் இடங்கள் எத்தனை என்று எண்ணிக் குறித்தார். அம்மா என்னும் தமிழ்ச் சொல்லை அ, ம், ம், ஆ எனப் பிரித்து, உயிர், மெய், மெய், உயிர் என்று எழுதிப் பார்ப்போமாயின் அவர் செய்தது என்னவென்று விளங்கும். நான்கு எழுத்துக்களுக்கு இது விளையாட்டு. 20,000 எழுத்துக்களுக்கோ பெருந்தவம். கணிப்பொறி தோன்றாத காலம் அது. ஓர் எழுத்துத் தவறினாலும் கூட்டல் பிழைக்கும். மீண்டும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். உலகறிந்த கழகத்தின் உறுப்பினர், அறுபதை நெருங்கும் அகவையினர், சிறுவர்க்குரியதாகத் தோன்றும் இவ்வேலையில் நாட்களைச் செலவிட்டார்.

எண்ணி முடித்தபோது உயிர் 8,638 என்றும் மெய் 11,362 என்றும் தெரிந்தது. அதாவது நூற்றுக்குச் சற்றேறக்குறைய 43 உயிர்கள். ஒலிகள் ஒன்றையொன்று சாராமல் வருவனவாயின், முன்னே நின்ற எழுத்து எதுவாயினும் அடுத்தது உயிராக இருக்கும் வாய்ப்பு இந்த 43ஆகவே இருத்தல் வேண்டும். உண்மையில் அப்படி இல்லை. உயிரை அடுத்து உயிர் வந்த இடங்கள் 1,104 மட்டுமே. நூற்றுக்கு 13க்கும் குறைவு. மெய்யை அடுத்து உயிர் வந்ததோ நூற்றுக்கு 66 முறைக்கு மேல். ஒவ்வோர் ஒலியும் தனக்கு முன் நின்ற ஒலியின் நிழலில் நிற்கிறது என்பது இதனால் வெளிப்பட்டது.

மற்றொரு செய்தி இதனினும் வியப்பானது. கறுப்பும் வெளுப்புமான காய்களை 43க்கு 57 என்னும் அளவில் பெரியதொரு பையில் கலந்து, நூறு நூறாக 200 முறை எடுத்தால், கறுப்புக் காய்களின் எண்ணிக்கை சில முறை முப்பதை ஒட்டியும் சில முறை ஐம்பதைக் கடந்தும் வரும். புஷ்கினின் 200 சதுரங்களில் உயிர்களின் எண்ணிக்கை 37க்குக் குறையவும் இல்லை. 49க்கு மிகவும் இல்லை. 43 சதுரங்களில் அது சரியாக 43ஆகவே நின்றது. உயிர் ஒன்று வந்தால் அடுத்து மெய்யை அது விரும்புகிறது. மெய் வந்தால் உயிரை விரும்புகிறது. ஆதலால் ஏதேனும் ஒரு பக்கம் மிகுந்துவிடாமல் மொழி தன்னைத்தானே திருத்திக்கொண்டு செல்கிறது. எதிர்பார்த்த சிதறலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இங்கே இருந்தது. முன்னின்ற ஓர் எழுத்தை மட்டும் கருதி மார்க்கோவ் தம் சூத்திரத்தால் கணக்கிட்டபோது, ஐந்தில் ஒன்றை விட மிகுதியான சிதறலே கிட்டியது. முன்னின்ற ஈரெழுத்துக்களையும் கருதிக் கணக்கிட்டபோது விடை உண்மையை நெருங்கியது. நெக்ராசோவ் கூறியவாறு சாராமை இருந்தால்தான் ஒழுங்கு உண்டு என்பது போய், சார்பே இங்கு ஒழுங்கை மிகுவித்து நிற்பதைக் கவிஞரின் செய்யுள் சான்று கூறியது.

ருஷ்யாவில் அன்று வழங்கிய பழைய நாட்காட்டிப்படி 1913ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் மார்க்கோவ் இவ்வாராய்ச்சியை வெளியிட்டார். அவ்வாண்டு ரோமனாவ் அரச மரபு தோன்றி 300 ஆண்டுகள் நிறைந்தமையால் நாடெங்கும் விழா எடுத்தனர். மார்க்கோவோ, பேரெண் விதி தோன்றி 200 ஆண்டுகள் நிறைந்ததற்குக் கழகத்தில் விழா எடுத்தார்! அரசரின் அதிகாரத்துக்கு அவர் தலைவணங்கியவர் அல்லர். 1902இல் எழுத்தாளர் கார்க்கி கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஜார் மன்னரின் விருப்பப்படி அத்தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் மார்க்கோவ் ஒருவர். 1908இல், மாணவரின் கிளர்ச்சியைப் பேராசிரியர்கள் கண்காணிக்க வேண்டும் என்று அமைச்சர் பிறப்பித்த கட்டளைக்கு அவர் பணிய மறுத்தார். ஆசிரியர் வேலை வேறு, ஒற்றர் வேலை வேறு என்பது அவர் கொள்கை.

தம் முறையைப் பிறர் பிழைபடக் கையாண்டபோதும் அவர் வாளாவிருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடி வெளிவந்த அறிஞர் மொரோசோவ் என்பவர், ஓர் ஆசிரியர் வழங்கும் சிறு சிறு இடைச்சொற்களை எண்ணினால் அந்நூல் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம் என 1915இல் எழுதினார். கருத்து நல்ல கருத்தே. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அவ்வழியே சென்றனர். ஆனால் மொரோசோவ் எண்ணிய சொற்கள் மிகச் சில. அத்துணைச் சிறிய தொகையில் காணும் வேறுபாடு ஆசிரியரின் இயல்பா, தற்செயலா என்று கூற இயலாது என்பதை 1916இல் மார்க்கோவ் எடுத்துக்காட்டினார். 20,000 வரை எண்ணியவருக்கு அவ்வாறு கூறும் உரிமை இருந்தது.

மார்க்கோவ் தம் எண்ணிக்கையால் பயன் ஏதேனும் விளையும் என்று எண்ணினாரா என்பதை அறியோம். சங்கிலிக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே அவர் அதனைக் கூறினார். பயன் பின்னர் வந்தது. அமெரிக்காவில் தொலைபேசி ஆராய்ச்சி நிலையமாகிய பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாடு ஷானன், செய்திகளை அளந்தறியும் புதிய கணிதத்தை 1948இல் வெளியிட்டபோது, ஆங்கில மொழியை மார்க்கோவ் சங்கிலியாகவே கொண்டு ஆராய்ந்தார். முந்திய எழுத்தை மட்டும் நோக்கி அடுத்த எழுத்தைத் தேர்ந்தால் பொருளற்ற ஒலிக்கோவையே கிடைக்கிறது. முந்திய இரண்டு எழுத்துக்களை நோக்கினால் அது ஆங்கிலத்தின் சாயலைச் சிறிது பெறுகிறது. நோக்கும் தொலைவு நீள நீளச் சாயலும் மிகுகிறது என்று அவர் காட்டினார்.

பேச்சொலியை ஆராயப் புகுந்தவர்களுக்கு இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. அச்சிட்ட நூலில் எழுத்துக்கள் தெளிவாகத் தனித்தனியே நிற்கின்றன. மார்க்கோவ் அவற்றைக் கண்டார், எண்ணினார். பேச்சிலோ எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. ஒலிவாங்கியின் முன் ஒருவர் பேசினால் கிடைப்பது ஏறியிறங்கும் மின்னலை ஒன்றே. ஒரே சொல்லை ஒருவரே இருமுறை சொன்னாலும் அவ்வலைகள் ஒத்திருப்பதில்லை. ஆடவர், பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று ஆளுக்கு ஆள் வேறுபடும். தடுமன் பிடித்தால் சொந்தக் குரலே வேறாகிவிடுகிறது! ஆகவே அறிஞர்கள் அவ்வலையை ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நறுக்கினர். ஒவ்வொரு நறுக்கிலும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எப்பகுதியில் எவ்வளவு வலிமை உள்ளது என்று அளந்து எண்களாக்கினர். இவ்வெண்கள் ஒலியின் நிழல்களே அன்றி ஒலிகள் அல்ல. பேசியவர் கருதிய ஒலிகள் திரைக்குப் பின்னே மறைந்து நிற்கின்றன. அவையோ மார்க்கோவ் கண்டவாறு ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாக நிற்கின்றன. திரையில் விழும் நிழல்களைக் கொண்டு, பின்னே நகர்ந்த சங்கிலி எதுவாக இருக்க மிகுதியான வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டால் சொல் கிடைத்துவிடும். மறைந்து நிற்பதால் இதனை மறை மார்க்கோவ் முறை என்று கூறலாம்.

இதற்குரிய கணிதத்தை லெனார்டு பாம் என்பவரும் அவர் தோழர்களும் 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமைத்தனர். 1970ஆம் ஆண்டுகளில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேக்கரும், ஐ.பி.எம். நிறுவனத்தில் பிரெடெரிக் யெலினெக் தலைமையில் ஒரு குழுவினரும் அதனைப் பேச்சுக்குப் பொருத்தினர். அதற்கு முன் பலர், ஒலிநூல் வல்லாரும் இலக்கண வல்லாரும் வகுக்கும் விதிகளை ஒவ்வொன்றாகப் பொறிக்குப் புகட்டி முயன்று வந்தனர். எண்ணிக்கையைக் கொண்டு சென்றவர்களே முந்தினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்முறையே பேச்சறியும் பொறிகளில் ஆட்சி செய்தது. 2010ஆம் ஆண்டுக்குப் பின் நரம்புப் பின்னல் போன்ற அமைப்புடைய வேறு கணித முறைகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் கைக்கொண்டுவிட்டன. எனினும் முன்வந்ததை நோக்கி அடுத்து வருவதன் வாய்ப்பைக் கணிக்கும் அடிப்படை எண்ணம் அவற்றிலும் மாறவில்லை.

இவற்றுள் ஒன்றையும் காண மார்க்கோவ் இருக்கவில்லை. 1917இல் ருஷ்யாவில் புரட்சி எழுந்தபோது, ஊதியம் இன்றி உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பணி செய்யத் தம்மை அனுப்புமாறு அவர் கழகத்தைக் கேட்டுக்கொண்டார். அவ்வாறே சராய்ஸ்க் என்னும் ஊருக்குச் சென்று, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தார். அடுத்த ஆண்டில் தம் நகருக்குத் திரும்பினார். அந்நகரில் அப்போது உணவும் விறகும் அரிதாயிருந்தன. 1921ஆம் ஆண்டில், காலில் அணிய மிதியடி இல்லாமையால் கழகக் கூட்டங்களுக்கு வர இயலவில்லை என்று அவர் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கழகத்தார் முயன்று ஒரு சோடி பெற்றுத் தந்தனர். அது கோணலாகத் தைக்கப்பட்டும் காலுக்குப் பொருந்தாமலும் இருந்தது. இதனை அணிவதற்கில்லை; நாட்டின் இக்காலக் கைத்திறனுக்குச் சான்றாகப் பொருட்காட்சிச் சாலையில் வைக்கலாம் என்னும் கருத்துப்பட அவர் எழுதி அனுப்பினார். சீற்றமும் நகைச்சுவையும் அவரை விட்டு நீங்கவில்லை.

நிற்பதற்கே வலிமை குன்றிய நிலையிலும் அவர் பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவுப் பாடம் நடத்தி வந்தார். 1922ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அவர் காலமானபோது அகவை 66. அவர் பெயரையே தாங்கிய மகனும் பின்னாளில் கணித அறிஞராகப் புகழ் பெற்றார். முதியவர் தம் இறுதிக் காலத்தில் நிகழ்தகவு நூலின் நான்காம் பதிப்பைத் திருத்தி விரித்து எழுதியிருந்தார். அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின் 1924இல் அந்நூல் வெளிவந்தது. ஒனேகின் கணக்கோடு, அக்சாகோவ் என்னும் எழுத்தாளரின் உரைநடை நூல் ஒன்றிலிருந்து அவர் எண்ணிய 1,00,000 எழுத்துக்களின் கணக்கும் அதில் அச்சேறியிருந்தது.